பூச்சாடியும் முப்பது பையன்களும்

எங்கள் வகுப்பில் செமினார் தலைப்பைச் சீட்டுக் குலுக்கித்தான் தருவார்கள். சார் ஒரு சாக்பீஸ் டப்பாவில் மடித்த சீட்டுகளைப் போட்டு வரிசையாக நீட்டிக்கொண்டே வந்தார். முன் பெஞ்சில் இருந்தவனுக்கு மைக்கேலாஞ்சலோ. அடுத்தவளுக்கு ரெம்ப்ராண்ட். நான் எடுத்த சீட்டைப் பிரித்தால், "இங்கிலாந்தின் பீங்கான் அலங்கார ஜாடிகள், 18-ஆம் நூற்றாண்டு".

"மச்சி, உனக்கு ஃப்ளவர் வாஸுடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கிளாஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

சீட்டை மாற்றிக்கொள்ள ஆள் தேடினேன். ஒருத்தரும் சிக்கவில்லை. மைக்கேலாஞ்சலோவைக் கொடுத்துவிட்டு ஜாடியை வாங்கிக்கொள்ள யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

ஜாடி என்றால் எனக்குத் தெரிந்தது ஊறுகாய் ஜாடி. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. அதில் உப்பு போடலாம், புளி போடலாம், மாவடு போடலாம். நான் படிக்க வேண்டிய ஜாடிகளில் எதுவுமே போட மாட்டார்களாம். குளிர்காய நெருப்பு மூட்டும் அடுப்புக்கு மேலே ஒரு பலகை இருக்குமே, அதில் மூன்று, ஐந்து, ஏழு என்று செட்டாக வரிசையாய் நிறுத்தி வைப்பார்கள். பலவற்றுக்கு மூடி உண்டு, அதனால் பூவும் வைக்க முடியாது. சிலவற்றின் மூடியில் ஓட்டை இருக்கும், உள்ளே காய்ந்த பூவும் வாசனைப் பொருளும் போட்டால் அறை மணக்கும். அவ்வளவுதான் உபயோகம். பணக்காரர்களின் வெட்டி பந்தா என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் படித்த பிறகு அந்த முடிவு கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது. அந்தக் கதைதான் இது.

முதலில் சரித்திரம். போரடித்தால் இரண்டு பத்தி தாண்டிக் குதித்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

பீங்கான் சீனர்களின் சொத்து. பல நூறு வருஷமாக அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஐரோப்பாவில் யாருக்கும் பிடிபடவில்லை. கப்பல் கப்பலாக வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஜெர்மனியில் சாக்சனி அரசர் அகஸ்டஸ், தங்கம் செய்து காட்டுகிறேன் என்று சொல்லித் திரிந்த பாட்கர் என்ற வாலிபனைப் பிடித்து அடைத்து வைத்தார். தங்கம் வரவில்லை. ஆனால் ஷிர்ன்ஹௌஸ் என்ற அறிஞரோடு சேர்ந்து உழைத்ததில் பீங்கான் வந்தது. 1710-ல் மைசன் என்ற ஊரில் தொழிற்சாலை தொடங்கியது. கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் மிக அதிகமான சூடும்தான் ரகசியம். சூளை 1300 டிகிரிக்கும் மேலே போக வேண்டும்.

இங்கிலாந்து இந்தப் பந்தயத்துக்கு லேட்டாக வந்த மாணவன். லண்டனில் போ, செல்சி தொழிற்சாலைகள் 1740-களின் நடுவில் வந்தன. 1750 வாக்கில் டெர்பி, 1751-ல் வூஸ்டர். மைசனுக்குப் பின்னால் ஒரு அரசர் இருந்தார். பிரான்சில் செவ்ர் தொழிற்சாலைக்குப் பின்னாலும் அரசர் இருந்தார். இங்கிலாந்தில் எல்லாம் தனியார் முதல். நஷ்டம் வந்தால் கடையைச் சாத்த வேண்டியதுதான். நிறைய பேர் சாத்தவும் செய்தார்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, அசல் பீங்கான் செய்யும் வித்தை ஆரம்பத்தில் இவர்களுக்குத் தெரியாது. களிமண்ணோடு கண்ணாடிப் பொடியைக் கலந்து ஒரு மாதிரி ஒப்பேற்றினார்கள். இதற்கு மென்பீங்கான் என்று பெயர். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சூளைக்குள்ளேயே தொய்ந்து கோணிக்கொள்ளும். கொதிக்கும் டீயை ஊற்றினால் விரிசல் விடும் ஆபத்தும் உண்டு. (பீங்கான் செய்ததே டீ குடிக்கத்தானே என்று கேட்காதீர்கள்!) வூஸ்டர்காரர்கள் மாக்கல் பொடியைக் கலந்து அந்தச் சூட்டைத் தாங்க வைத்தார்கள். போ தொழிற்சாலையில் மாட்டெலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கலந்தார்கள். நம் பாத்திரக் கடையில் "போன் சைனா" என்று கப் விற்கிறார்களே, அதற்கு முன்னோடி இதுதான். கார்ன்வால் பகுதியில் நல்ல வெள்ளைக் களிமண்ணைக் கண்டுபிடித்து, குக்வொர்தி என்பவர் அசல் பீங்கானுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியபோது வருஷம் 1768.

நான் செமினாருக்கு எடுத்துக்கொண்டது செல்சி. முதலாளி பெயர் நிகோலஸ் ஸ்ப்ரிமோன். லியேஜ் நகரத்திலிருந்து லண்டனுக்கு வந்தவர், அடிப்படையில் வெள்ளிப் பாத்திரம் செய்கிறவர். அவருடைய தொழிற்சாலை முத்திரை ஒரு குட்டி நங்கூரம். 1752 வாக்கிலிருந்து சிவப்பு நங்கூரம், 1756 வாக்கிலிருந்து பொன் நங்கூரம். பொன் நங்கூர காலத்து ஜாடிகள்தான் படு ஆடம்பரம். ராத்திரி வானம் மாதிரி அடர்நீலம், அல்லது ஒயின் சிவப்பு. நடுவில் வெள்ளையாக ஒரு ஜன்னல் விட்டு, அதற்குள்ளே பறவையோ, பழைய கிரேக்கக் கதையோ. கைப்பிடி கொடி மாதிரி சுருண்டு வளைந்து போகும். மிச்ச இடமெல்லாம் தங்கம்.

அந்தத் தங்கத்தை எப்படிப் பூசினார்கள் தெரியுமா? தங்கத் தகட்டைத் தேனில் போட்டு அரைப்பார்கள். அந்த விழுதைத் தூரிகையால் தடவி, மிதமான சூட்டில் சுட்டு, கடைசியில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். அதற்கு முன்னாலேயே ஜாடி பல தடவை சூளைக்குள் போய் வந்திருக்கும். முதலில் வெறும் மண்ணாக ஒரு தடவை. கண்ணாடிப் பூச்சு பூசி ஒரு தடவை. பிறகு வண்ணங்களுக்கு. எந்தத் தடவை வேண்டுமானாலும் கோணலாம், வெடிக்கலாம், வண்ணம் ஓடலாம். மாதக்கணக்கான வேலை ஒரே ராத்திரியில் போய்விடலாம்.

அதனால் விலை எகிறியது. 1763-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் ராணி சார்லட்டும் ராணியின் சகோதரருக்கு செல்சி டின்னர் செட் ஒன்று பரிசு கொடுத்தார்கள். அதன் விலை 1200 பவுண்டு என்று ஹொரேஸ் வால்போல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதன் வடிவங்கள் அவருக்குப் பிடிக்கவும் இல்லை. செல்சியை 1770-ல் டெர்பி முதலாளி வில்லியம் டூஸ்பரி வாங்கிவிட்டார். ஏழு வருஷம் கழித்து, 1777-ல், அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன் டெர்பி தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தார். சாமான் அழகுதான், ஆனால் இந்த விலைக்கு வெள்ளியிலேயே பாத்திரம் வாங்கிவிடலாமே என்றாராம். கூடப் போன பாஸ்வெல் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு ஜான்சன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. நம்ம கட்சி!

இந்த இடத்தில்தான் ஒரு வரி கண்ணில் பட்டது.

1752 வாக்கில் ஸ்ப்ரிமோன் அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். மைசன் சாமான் வெளியிலிருந்து வந்து குவிகிறது, என் தொழில் நாசமாகிறது, காப்பாற்றுங்கள் என்பது சாரம். தன்னிடம் நூறு பேராவது வேலை செய்வதாகச் சொல்லிவிட்டு, அதில் முப்பது பேர் சிறுவர்கள் என்கிறார். திருச்சபை வட்டாரங்களிலிருந்தும் தர்மப் பள்ளிகளிலிருந்தும் எடுத்து வந்து, படம் வரையவும் வண்ணம் தீட்டவும் பழக்கப்பட்டவர்கள்.

தர்மப் பள்ளிப் பையன்கள். நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். நம் கிளாஸில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அப்பா போன பிறகு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான் வளர்ந்தது ஒரு ஆதரவற்றோர் விடுதியில். மூன்று வேளை சாப்பாடு, வருஷத்துக்கு இரண்டு செட் துணி, அன்பான வார்டன் அம்மா. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த விடுதி ஆபீஸ் ரூமில் பீரோவுக்கு மேலே ஒரு பீங்கான் ஜாடி இருந்தது. யாரோ நன்கொடையாளர் கொடுத்தது. நீல நிறம், தங்கக் கோடு, நடுவில் வால் நீண்ட இரண்டு பறவை. முழங்கை உயரம் இருக்கும். சனிக்கிழமை தோறும் அதைத் துடைக்கும் டியூட்டி ஏழாம் வகுப்பில் எனக்கு வந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு கையாலும் இறக்கி, ஈரத் துணியால் துடைத்து, திரும்ப ஏற்ற வேண்டும். கீழே போட்டால் தொலைந்தேன். "இதை வித்தா எத்தனை நாள் முட்டை போடலாம்டா?" என்று நானும் என் கூட்டாளியும் கணக்குப் போடுவோம். ஆனால் பறவைகள் இருக்கும் பக்கத்தை மட்டும் நான் இரண்டு தடவை துடைப்பேன். அது ஏன் என்று அப்போது யோசித்ததில்லை.

சரி, லண்டனுக்குத் திரும்புவோம். தர்மப் பள்ளி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடப் போய், ஒரு ஜாடியில் வந்து முட்டிக்கொண்டேன். செல்சியில் 1762 வாக்கில் செய்த, பொன் நங்கூர காலத்து ஜாடி. 1763-ல் ஒரு மருத்துவர் அதை ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் என்ற இடத்துக்குக் கொடுத்தார்.

ஹாஸ்பிடல் என்றாலும் ஆஸ்பத்திரி இல்லை. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். தாமஸ் கோரம் என்ற கப்பல் கேப்டன் லண்டன் தெருக்களில் குழந்தைகள் சாகக் கிடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், பதினேழு வருஷம் பெரிய மனிதர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி, 1739-ல் அரசரின் அனுமதி வாங்கினார். 1741 மார்ச் 25-ஆம் தேதி இரவு கதவைத் திறந்தார்கள். அன்று இரவே முப்பது குழந்தைகள். இடம் நிரம்பிக் கதவைச் சாத்த, மற்ற தாய்மார்கள் வெளியே அழுதுகொண்டு நின்றார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து ஒரு ஏற்பாடு. ஒரு பையில் வண்ணப் பந்துகளைப் போட்டு வைப்பார்கள். தாய் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால் குழந்தைக்கு இடம் உண்டு. கறுப்பு வந்தால் தூக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும்.

சாக்பீஸ் டப்பாவில் ஜாடி வந்ததற்கு நான் என்னமோ பெரிய துரதிர்ஷ்டசாலி மாதிரி புலம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதோடு புலம்பலை நிறுத்தினேன்.

உள்ளே சேர்த்த குழந்தைக்கு முதல் வேலையாகப் புதுப் பெயர் வைப்பார்கள். அம்மா வைத்த பெயர் அத்தோடு போயிற்று. பிற்பாடு அம்மா தேடி வந்தால் அடையாளம் காண்பதற்கு ஒரு துணித் துண்டு, ஒரு பட்டன், பாதியாய் வெட்டிய காசு என்று எதையாவது விட்டுப் போவார்கள். அவற்றில் பல இன்றும் பத்திரமாக இருக்கின்றன. 1756-லிருந்து 1760 வரை நாடாளுமன்றம் பணம் கொடுத்து, வருகிற எல்லாக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. கிட்டத்தட்ட 15,000 குழந்தைகள் வந்தார்கள். பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். 1760-ல் இந்த ஏற்பாட்டை நாடாளுமன்றம் நிறுத்திக்கொண்டது.

மூன்றே வருஷத்தில், அந்த இடத்துக்குத்தான் ஒரு தங்கம் பூசிய ஜாடி வருகிறது!

என் முதல் எண்ணம், பசிக்கிற பிள்ளைக்கு இதைக் கொடுக்க எப்படி ஐயா மனசு வந்தது? முட்டைக் கணக்கு போட்ட ஏழாம் வகுப்புப் பையன் அப்படித்தானே நினைப்பான்.

ஆனால் ஃபவுண்ட்லிங்குக்கு அதற்கு முன்பே ஒரு வழக்கம் இருந்தது. ஓவியர் ஹோகார்த் அதன் நிர்வாகிகளில் ஒருவர். 1740-ல் அவர் கோரமின் படத்தை வரைந்து கொடுத்தார். அவரைப் பார்த்து மற்ற ஓவியர்களும் கொடுத்தார்கள். லண்டனில் பொதுமக்கள் போய் ஓவியம் பார்க்க வேறு இடம் இல்லாத காலம். பிரிட்டிஷ் மியூசியமே 1759-ல்தான் திறந்தது. அதனால் பட்டும் விக்குமாகப் பெரிய மனிதர்கள் அநாதை இல்லத்துக்கு வந்தார்கள். ஹாண்டல் 1750-லிருந்து அந்த இல்லத்தின் சர்ச்சில் தன் "மெசாயா"வை நடத்தி வசூலைக் கொடுத்தார். படம் பார்க்க வந்தவர்கள் பிள்ளைகளையும் பார்த்தார்கள், பர்ஸையும் திறந்தார்கள். அழகான பொருளைக் காட்டித்தான் சோற்றுக்கு வழி பண்ணினார்கள்.

படித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினேன். எங்கள் வார்டன் அம்மா, வருகிற விருந்தாளிகளை எப்போதும் அந்த பீரோவுக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார வைப்பார். ஜாடி நேராகக் கண்ணில் படும். "நல்லா வெச்சிருக்கீங்கம்மா" என்பார்கள். அதன் பிறகுதான் அம்மா மெதுவாக ரசீது புத்தகத்தை எடுப்பார். ஆறு வருஷம் பார்த்திருக்கிறேன். புரிந்தது இப்போதுதான்.

அந்த செல்சி ஜாடி இப்போது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. அதே 1763-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கும் இரண்டு செல்சி ஜாடிகள் நன்கொடையாகப் போயின. அவற்றுக்கு கிளியோபாட்ரா ஜாடிகள் என்று பெயர். படத்தில் ராணி இருப்பதால் ராணி பெயர். இதற்கு என்ன பெயர் தெரியுமா? "ஃபவுண்ட்லிங் வாஸ்". கொடுத்த மருத்துவர் பெயர் இல்லை, ஸ்ப்ரிமோன் பெயர் இல்லை. அநாதைப் பிள்ளைகள் பெயர்.

ஆனால் தீட்டிய கைக்கு அதில் இடம் இல்லை. செல்சி ஜாடிகளில் தொழிற்சாலையின் நங்கூரம் மட்டும்தான் முத்திரை. சின்ன வயசில் பிடித்து வந்து தூரிகை கொடுக்கப்பட்ட அந்த முப்பது பையன்கள், இந்த ஜாடி உருவானபோது வாலிபர்களாகியிருப்பார்கள். அவர்களை எண்ணிக்கையாக மட்டும்தான் விண்ணப்பத்தில் குறித்திருக்கிறது. முப்பது. பெயர் கிடையாது. அங்கே முதல் இரவில் சேர்ந்த முப்பது பேருக்கோ, சொந்தப் பெயர் போய்விட்டது.

செமினார் அன்று இதையெல்லாம் சொன்னேன். கேள்வி நேரத்தில் நம்ம ரெம்ப்ராண்ட் மேடம் எழுந்து, "அந்தக் காசுக்குப் பால் வாங்கிக் கொடுத்திருந்தா இன்னும் நாலு குழந்தை பிழைச்சிருக்குமே?" என்றாள். நல்ல கேள்வி. பால்தான் முதலில், சந்தேகமே இல்லை. எனக்கு அந்த ரெண்டு பறவையும் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் சொல்லத் தெரிந்தது. சார் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "உட்காருப்பா, நல்லாருந்தது" என்றார். (மார்க் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.)

அன்று சாயங்காலம் வார்டன் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, ஆபீஸ் ரூம்ல அந்த நீல ஜாடி இன்னும் இருக்கா?"

"இருக்குடா கண்ணு. போன வருஷம் ஒருத்தன் கீழ போட்டு வாய் ஓரம் கொஞ்சம் தெறிச்சிடுச்சு. செவுத்துப் பக்கமா திருப்பி வெச்சிருக்கேன். ஏன்டா கேக்கற?"

"போட்டவனை அடிச்சீங்களா?"

"அழுதுகிட்டே நின்னான். எங்க அடிக்கறது?"

"அம்மா, ஒரு உதவி. அதை இறக்கி, அடியில என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்றீங்களா?"

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. "டேய், மெதுவா, ரெண்டு கையால பிடி" என்று அம்மா யாரிடமோ சொல்வது கேட்டது. இப்போது டியூட்டியில் இருக்கிற பையன் போலிருக்கிறது.

"ஏதோ நம்பர் போட்டிருக்குப்பா. நாலு எட்டு மாதிரி தெரியுது. பேர் ஒண்ணும் இல்ல."

"சரிம்மா. அந்தப் பையன் பேர் என்னம்மா?"

அம்மா சொன்னார். நோட்டில் செமினார் குறிப்புக்குக் கீழேயே அந்தப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவனுக்கு ஒரு வாட்டர் கலர் பாக்ஸும் நல்லதாக இரண்டு பிரஷும் வாங்கிப் போக வேண்டும்.